சொறிந்தாலும் நடைப்பயிற்சியாம்!

எங்கள் நாய் மணிக்குக் கழுத்துப்பட்டையில் மாட்டும் டிராக்கர் ஒன்று வாங்கி மூன்று மாதம் ஆகிறது, அன்றிலிருந்து எனக்குத்தான் மூச்சு வாங்குகிறது. உள்ளே அசைவை அளக்க ஆக்சிலரோமீட்டர், இடம் காட்ட ஜிபிஎஸ், அதை போனுக்கு அனுப்ப ஒரு சிம். சிம் இருப்பதால் மாதாமாதம் சந்தா வேறு. நாய்க்கும் ரீசார்ஜ் செய்கிற காலம் வந்துவிட்டது.

சரி, பிரயோஜனம் உண்டா? உண்ணி கடித்து மதியம் முழுக்கக் காலைத் தூக்கிச் சொறிந்துகொண்டே கிடந்தான், சாயங்காலம் பார்த்தால் 'இன்றைய இலக்கை எட்டியாச்சு' என்று ஆப் பாராட்டுகிறது! பட்டை கொஞ்சம் தளர்ந்தால் அது ஆடுகிற ஆட்டமும் கணக்கில் ஏறும், இறுக்கினால் கழுத்து முடி கொட்டுகிறது. கூரைக்கு அடியில் ஜிபிஎஸ் தடுமாறும், அதனால் சோபாவில் குறட்டை விடுகிறவனை 'வீட்டு எல்லையைத் தாண்டிவிட்டான்' என்று ராத்திரி 2 மணிக்கு போன் அலறும்.

கேட் திறந்திருந்து நிஜமாகவே அவன் ஓடிய அன்றைக்கு? டிராக்கரில் சார்ஜ் இல்லை. தெருமுனை டீக்கடையில் பொறை தின்றுகொண்டிருந்தான், கடைக்காரர்தான் போன் செய்தார். அவருக்குச் சந்தாவும் கிடையாது.