சிறுவாணித் தண்ணீர் குடிக்கும் நாம் இப்படிக் கேட்கலாமா?

பிரபலங்கள் முதலில் சொந்த மண்ணுக்குக் கொடுக்கட்டும், அப்புறம் வெளியே கொடுக்கட்டும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு மனசு ஒப்பவில்லைங்க. 2024-ல் கேரளத்தின் வயநாடு நிலச்சரிவுக்கு நடிகர்கள் சூர்யா, ஜோதிகா, கார்த்தி மூவரும் சேர்ந்து 50 லட்சம் கொடுத்தபோது, எங்கள் கோவை பேக்கரியில் டீ குடித்தவர்களும் இதையேதான் பேசினார்கள். நாங்கள் குடிக்கும் சிறுவாணித் தண்ணீர் தேங்கும் அணை கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே மழை பெய்தால்தான் எங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர். அந்தக் கேரள மக்களை எப்படி வெளியாள் என்பது? சூர்யா 2006-லேயே அகரம் அறக்கட்டளையைத் தொடங்கி இங்குள்ள ஏழைப் பிள்ளைகளைப் படிக்க வைப்பதையும் மறந்துவிடுகிறோம்.

சரி, உள்ளூர்க் கொடையின் அருமை தெரியாமல் சொல்லவில்லை. பீளமேட்டில் பி.எஸ்.ஜி. குடும்பத்து அண்ணன் தம்பிகள் நால்வர் 1926-ல் சொத்தை ஐந்து பங்காக்கி, ஐந்தாவது பங்கைத் தர்மத்துக்கு எழுதி வைத்தார்கள். அந்தப் பங்கிலிருந்து வளர்ந்த கல்லூரியில்தான் நான் படித்தேன். என் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவன் பாலக்காட்டுக்காரன். நீ எந்த ஊர் என்று கேட்டு அவனை யாரும் திருப்பி அனுப்பவில்லை.