சுவரும் ஒரு டீச்சரம்மாவும்

பாகிஸ்தானில் பள்ளிகள் நடத்துவதற்காக, அமெரிக்காவில் வாழும் பாகிஸ்தானியர்கள் 1997-ல் தொடங்கிய 'டெவலப்மென்ட்ஸ் இன் லிட்டரசி' அமைப்பைப் பற்றிய உங்கள் கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் முக்கால்வாசி இடத்தை நன்கொடை விருந்துகளும் புதுக் கட்டடங்களுமே பிடித்துக்கொண்டன. கட்டடம் எழுப்புவதுதான் இதில் சுலபமான வேலை. பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் பல ஊர்களில் கட்டடம் நிற்கும், வாத்தியார் வரமாட்டார். 'பேய்ப் பள்ளி' என்றே அவற்றுக்குப் பெயர்.

துபாயில் என் அறைத்தோழர் அதே சிந்துவில் கைர்பூர் பக்கத்துக்காரர். பேரீச்சைக்குப் பேர்போன ஊர். (சீசனில் ஒரு பெட்டி வந்துவிடும், அது தனிக்கதை.) அவருடைய அக்கா மகள் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டாள். அடுத்த பள்ளி நாலு கிலோமீட்டர் தள்ளி. சுற்றுச்சுவர் இல்லை, கழிப்பறை இல்லை, பாடம் எடுப்பவர்கள் எல்லோரும் ஆண்கள். "சுவரும் ஒரு டீச்சரம்மாவும் இருந்தால் அனுப்பியிருப்போம்" என்றார். அந்த வீட்டில் யாரும் படிப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை.

2010-ல் பாகிஸ்தான் அரசியல் சட்டத்தில் 25-ஏ பிரிவைச் சேர்த்து, 5 முதல் 16 வயதுவரை இலவசக் கட்டாயக் கல்வி என்றார்கள். 2024-ல் கல்வி அவசரநிலை அறிவித்தபோது, பள்ளிக்கு வெளியே இருந்த பிள்ளைகள் சுமார் 2.6 கோடி. இந்தக் குறையை எந்தத் தொண்டு நிறுவனமும் தனியாகத் தீர்த்துவிட முடியாது, சரி. ஆனால் இந்த அமைப்பு ஆசிரியர் பயிற்சிக்குக் கொடுக்கும் முக்கியத்துவத்தைக் கட்டுரை ஒரே வரியில் தாண்டிவிட்டதே! கட்டடத்துக்குக் கொடுத்தால் கல்வெட்டில் பேர் வரும், ஆசிரியரின் மாதச் சம்பளத்துக்குக் கொடுத்தால் வராது. அடுத்த முறை அந்தச் சம்பளக் கணக்கை எழுதுங்கள்.