முகத்துக்கு மட்டும் அக்ரிமென்ட் வேண்டாமா?

வீட்டை வாடகைக்கு விடும்போது நாம் எவ்வளவு உஷார்! பதினோரு மாதம், அட்வான்ஸ் இவ்வளவு, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று எழுதி வாங்குகிறோம். விளம்பரத்துக்கு முகத்தைக் கொடுக்கும்போது மட்டும் ஒரே கேள்விதான்: "ஒரு நாளைக்கு எவ்வளவு சார்?"

சென்னையில் விளம்பரப் படங்களுக்கு ஆள் அனுப்பும் கோஆர்டினேட்டர் நான். போன மாதம் ஒரு தலைமுடி எண்ணெய் விளம்பரம். புதுப் பெண், 20,000 ரூபாய். பாதி மேக்கப்பில் இருந்தவளிடம் மேனேஜர் மூன்று பக்கத் தாளை நீட்டினார். "சும்மா ஃபார்மாலிட்டிதாம்மா, இங்க ஒரு சைன் போடு."

வாங்கிப் பார்த்தேன். எல்லா ஊடகத்திலும், உலகம் முழுக்க, நிரந்தரமாகப் பயன்படுத்தலாம் என்று ஒரு வரி. இரண்டு வருஷத்துக்கு வேறு எந்த 'பர்சனல் கேர்' விளம்பரத்திலும் நடிக்கக் கூடாது என்று இன்னொரு வரி.

எல்லோரும் முதல் வரியைத்தான் திட்டுவார்கள். எனக்குப் பயம் இரண்டாவதில். பர்சனல் கேர் என்றால் ஷாம்பூ, சோப்பு, க்ரீம், டூத்பேஸ்ட் எல்லாம் அதற்குள் வந்துவிடும். அந்த வயசுப் பெண்ணுக்கு வருகிற வேலையில் பெரும்பாலானவை இவைதான். 20,000-ஐ 24 மாதத்துக்கு வகுத்தால் மாதம் 833 ரூபாய். அந்தக் காசுக்கு வீட்டில் சும்மா உட்கார் என்கிறார்கள்!

'பர்சனல் கேர்' என்பதை அடித்துவிட்டு 'தலைக்குத் தேய்க்கும் எண்ணெய்' என்று எழுதச் சொன்னேன். அப்புறம், ஒரு வருஷம், தமிழ்நாடு மட்டும், டிவியும் ஆன்லைனும். ஹோர்டிங், பாட்டில் லேபிள் என்றால் தனி ரேட். மேனேஜர் முகம் கறுத்துவிட்டது. யாருக்கோ போன் போட்டு முக்கால் மணி நேரம் பேசினார். அங்கே கேமரா வாடகை ஓடிக்கொண்டிருந்தது. ஒத்துக்கொண்டார்.

லேபிளைத் தனியாகக் கேட்டது பேராசை இல்லை. அமெரிக்காவில் ரஸ்ஸல் கிறிஸ்டாஃப் என்பவர் 1986-ல் நெஸ்லேயின் கனடா நிறுவனத்துக்காகப் படமெடுக்கப் போனார். சம்பளம் 250 டாலர்; லேபிளில் போட்டால் 2,000 என்று ஒப்பந்தத்தில் இருந்தது. 2002-ல் ஒரு கடையில் காபி ஜாடியைப் பார்த்தால் அவர் முகம்! வழக்குப் போட்டார். ஜூரி ஒன்றரைக் கோடி டாலருக்கு மேல் கொடுக்கச் சொன்னது. அப்பீலில் அது நிற்கவில்லை என்பது வேறு கதை.

"என் படம்தானே, கேட்க மாட்டேனா?" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்தின் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவருக்குத்தான். கேமரா முன்னால் நின்றவருக்கு இல்லை. தாளில் என்ன எழுதி வாங்கினோமோ அதுதான் கையில் இருக்கும்.

அந்தப் பெண்ணுக்கு இந்த வாரம் ஒரு சோப்பு விளம்பரம் வந்திருக்கிறது. அக்ரிமென்ட்டை ஷூட்டிங்குக்கு முன்னாடியே மெயிலில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். மூன்று நாளாகிறது. "அனுப்புறோம் சார்" மட்டும்தான் வருகிறது.