ஏல அறிக்கையை மறைத்துவிட்டு என்ன விலை பேச்சு?

பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஒன்று வாங்கப்போகிறேன் என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். "உள்ளூரில் வாங்கி ஏன் காசைக் கொட்டுகிறீர்கள்? ஜப்பானிலிருந்து இறக்கிவிடுங்கள், பாதி விலைதான்" என்று அடுத்த நொடியே பதில் வரும். எந்த விலையில் பாதி என்று கேட்டால் ஒருவருக்கும் சொல்லத் தெரியாது. இணையத்தில் ஒரு படத்தைக் காட்டுவார்கள். கழுவித் துடைத்து நிறுத்திய டொயோட்டா பிராடோ, பக்கத்தில் கொட்டை எழுத்தில் ஒரு தொகை. அதைத்தான் உள்ளூர் விலையோடு ஒப்பிட்டு மனக்கோட்டை கட்டுகிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது. அந்தத் தொகையை அப்படிப் போடுகிறவர்களுக்கு அது முழு விலை இல்லை என்று நன்றாகவே தெரியும்.

அது எஃப்.ஓ.பி. விலை. வண்டியை அங்கே கப்பலில் ஏற்றும் வரைக்கும்தான் அந்தக் காசு. கப்பல் கட்டணமும் காப்பீடும் சேர்ந்தால் சி.ஐ.எஃப். பல நாடுகளில் சுங்கக் கணக்கு தொடங்குவதே அங்கிருந்துதான். முதலில் தீர்வை, தீர்வையைச் சேர்த்த தொகையின் மேல் இன்னொரு வரி, அதையும் சேர்த்து அதன் தலையில் விற்பனை வரி என்று வரிக்கு வரி ஏறும். இஞ்சின் பெரிதானால் வரி விகிதமும் உயரும் நாடுகளில் மூன்று லிட்டர் டீசலை இறக்குகிறவர் கதி என்ன? நீங்கள் கொடுத்த விலைச்சீட்டை ஓரமாக வைத்துவிட்டு, தாங்களே ஒரு மதிப்பைப் போட்டு வரி கேட்கும் சுங்க அலுவலகங்களும் உண்டு. துறைமுகத்தில் வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் வாடகை, முகவர் கூலி, புகைச் சோதனை, பதிவுச் செலவு. முன்பணம் கட்டிய நாளுக்கும் மீதியைக் கட்டும் நாளுக்கும் இடையில் நாணய மதிப்பு இறங்கினால் அந்த நட்டமும் வாங்குகிறவர் தலையில்தான். இவ்வளவையும் விளம்பரத்தில் ஒரு வரியில் சொல்ல முடியாதா? முடியும். சொன்னால் பாதி விலை என்ற பேச்சு அங்கேயே செத்துப்போகும்.

வண்டியின் வயது விதி இன்னொரு பொறி. அமெரிக்காவில் அந்நாட்டுத் தரத்துக்குத் தயாரிக்கப்படாத வண்டியை அப்படியே இறக்க 25 ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். கனடாவில் 15 ஆண்டுகள். கென்யாவில் நேர் எதிர், எட்டு ஆண்டுகளுக்கு மேற்பட்டது உள்ளே வரக்கூடாது. எண்ணிக்கை தொடங்குவது தயாரித்த மாதத்திலிருந்தா, முதல் பதிவிலிருந்தா என்பதும் நாட்டுக்கு நாடு மாறும். இறக்குமதி செய்து தரும் முகவர்களைக் கேட்டால் "அதெல்லாம் ஒன்றும் ஆகாது" என்கிறார்கள். ஆகிவிட்டால் அபராதம் கட்டப்போவது அவர்களா?

இந்தச் செலவுகளையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். உட்கார்ந்து கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். என்னால் பொறுக்கவே முடியாதது, வண்டியின் உண்மையைச் சொல்லும் ஒரே காகிதத்தை ஒளித்துவைப்பதுதான்.

ஜப்பானில் பழைய வண்டிகள் பெரும்பாலும் ஏலக்கூடங்கள் வழியாகத்தான் கை மாறுகின்றன. பதிவுபெற்ற வியாபாரிகள் மட்டுமே அங்கே ஏலம் கேட்கலாம். ஏலத்துக்கு முன்னால் கூடத்தின் பரிசோதகர் வண்டியைச் சுற்றிப் பார்த்து ஓர் அறிக்கை எழுதுகிறார். வண்டியின் நிலையை விற்கிறவரோ வாங்குகிறவரோ அல்லாத மூன்றாம் மனிதர் எழுதும் தாள் அது. மேலே ஒரு தரம்: 5, 4.5, 4, 3.5 என்று இறங்கும். விபத்தில் சேதமாகிக் கட்டமைப்பு சரிசெய்யப்பட்ட வண்டிக்கு 'ஆர்' என்ற எழுத்து. கீழே வண்டியின் வரைபடம், அதன்மேல் குறியீடுகள். கீறலுக்கு ஏ, நெளிவுக்கு யு, தட்டிப் பூசிய தடத்துக்கு டபிள்யு, துருவுக்கு எஸ், அரிப்புக்கு சி, மாற்றிய பாகத்துக்கு இரட்டை எக்ஸ். பக்கத்தில் பரிசோதகர் கையெழுத்தில் குறிப்புகள்: அடிப்பகுதியில் துரு, எண்ணெய்க் கசிவு, ஓட்டத் தூரம் நம்பத்தகாதது. ஒரே பக்கம்தான். அந்த ஒரு பக்கத்தில் வண்டியின் ஜாதகமே இருக்கிறது.

இறக்குமதி முகவர்களிடம் அதைக் கேட்டேன். முதலில் "அனுப்புகிறேன்" என்றார்கள். பிறகு "இந்த வண்டிக்கு அறிக்கை கிடையாது" என்றார்கள். விடாமல் கேட்டதும் ஒரு படம் வந்தது. தரம் எழுதியிருக்கும் மூலை கத்தரிக்கப்பட்டிருந்தது, கையெழுத்துக் குறிப்புகள் இருந்த பகுதி மங்கலாக்கப்பட்டிருந்தது. ஏன் இப்படி என்றால், "தரம் நாலு ஐயா, என் வார்த்தையை நம்புங்கள்." ஏன் நம்ப வேண்டும்? ஏலத்தில் கை தூக்குவதற்கு முன்னால் அந்தத் தாளை நீங்கள் வாசித்தீர்களா இல்லையா? உங்கள் பணத்தைப் போடுவதற்கு அது வேண்டும், என் பணத்தைப் போடுவதற்கு மட்டும் வார்த்தை போதுமா?

ஏற்றுமதிக்காகப் பதிவு நீக்கும்போது ஜப்பான் அரசு கொடுக்கும் சான்றிதழிலும் கடைசிச் சோதனையில் ஓடோமீட்டர் காட்டிய எண் இருக்கும். அதைக் கேட்டால் "வண்டி வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார்கள். வண்டி வந்த பிறகு பார்த்து நான் என்ன செய்வது, கடலில் தள்ளுவதா? சாதாரணக் காருக்கே இந்தத் தாள்கள் முக்கியம் என்றால் ஃபோர் வீல் வண்டிக்கு உயிர்நாடி. பிராடோ, நிஸான் பேட்ரோல், ஹைலக்ஸ் போன்றவை அடியில் ஓடும் இரும்புச் சட்டமான தனிச் சேஸியின் மேல் பாடி உட்கார்ந்திருக்கும் வண்டிகள். சேஸி போனால் வண்டி போயிற்று. வட ஜப்பானின் ஹொக்கைடோ போன்ற பனிப் பகுதிகளில் உறைபனியைக் கரைக்கச் சாலையில் உப்பு தூவுகிறார்கள். மலைக்கும் பனிக்கும் ஃபோர் வீல் வாங்குகிறவர்கள் அதிகம் இருப்பதும் அந்தப் பகுதிகளில்தான். அந்த உப்புச் சேறு சேஸியின் பெட்டிக் குழாய்க்குள் புகுந்து தங்கி, உள்ளிருந்தே தின்னும். இது சின்ன விஷயம் என்று நினைக்கிறவர்கள் 2016இல் அமெரிக்காவில் நடந்ததைப் பார்க்க வேண்டும். டகோமா, டண்ட்ரா, செக்கோயா வண்டிகளின் சேஸித் துரு வழக்கில் டொயோட்டா 340 கோடி டாலர் வரை செலவாகக்கூடிய சமரசத்துக்கு இறங்கி வந்தது.

சரி, கண்ணால் பார்த்தே வாங்கலாம் என்று உள்ளூர் விற்பனையிடத்துக்குப் போனால் அங்கே அதே கூத்து, அதைவிடக் கூடுதல் விலைக்கு. நிற்பதில் பாதி அதே ஏலங்களிலிருந்து வந்த வண்டிகள். மேலே மெழுகு தேய்த்துக் கண் கூசுகிறது. டார்ச்சோடு அடியில் படுத்தேன். சேஸி முழுவதும் புத்தம் புதுக் கறுப்புப் பூச்சு. பிரேக் குழாய் மேலும் பூச்சு, போல்ட் தலையிலும் பூச்சு, சைலன்சர் குழாயில்கூடத் தெறித்திருந்தது. பின்சக்கரத்துக்கு மேலே சேஸி வளைகிற இடத்தில் ஸ்பேனரின் முனையால் மெதுவாகத் தட்டினேன். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். இது பொத்தென்று கேட்டது. கறுப்புத் தோல் உரிந்து, அடுக்கடுக்காகச் செந்துரு என் முகத்தில் கொட்டியது. கரையான் அரித்த நிலைக்கதவுக்கு வார்னிஷ் அடித்தது போல. வெளியே வந்ததும் விற்பவர் கேட்ட கேள்வி: "ஏன் சார் வண்டியைத் தட்டுகிறீர்கள்? பெயின்ட் போய்விடும்."

பெயின்ட் போய்விடுமாம்! அந்தக் கட்டுமானத்தை நம்பி ஒரு குடும்பம் மலைப்பாதையில் ஏறும். அந்தப் பிரேக் குழாயை நம்பி இறங்கும். பழைய வண்டி என்றால் துரு இருக்கும், எனக்கும் தெரியும். துருவைக் காட்டி விலையைக் குறையுங்கள், வாங்குவதா விடுவதா என்று நான் முடிவு செய்கிறேன். அதன்மேல் பூசி மறைப்பது வியாபாரத் தந்திரம் இல்லை, உயிரோடு விளையாட்டு. இதைச் செய்கிறவர்கள்மேல் வழக்குப் போட வேண்டும்.

லிஃப்டில் ஏற்றிப் பார்க்கலாமா என்றால் முகம் சுருங்குகிறது. நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டு ஓட்டிக் காட்டுங்கள் என்றால் "அதெல்லாம் வேலை செய்யும்" என்ற பதில். ஜப்பான் நகரங்களில் ஓடிய பல வண்டிகளில் செங்குத்து ஏற்றத்துக்கான குறைவேக கியரான லோ ரேஞ்சைப் பல வருடம் யாரும் தொட்டிருக்கவே மாட்டார்கள். நான்கு சக்கர இயக்கத்தை மாற்றிவிடும் ஆக்சுவேட்டர் இறுகிப்போய்க் கிடக்கும். டிஃபரன்ஷியல் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தால் வெள்ளத்தில் நின்ற வண்டியில் நீர்க்கோடு தெரியும். இதையெல்லாம் பார்க்க அரை மணி நேரம் போதும். அதைத்தான் தர மறுக்கிறார்கள்.

உதிரி பாகத்தைப் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை. ஜப்பான் உள்நாட்டுச் சந்தை வண்டியில் பதினேழு இலக்க அடையாள எண் இருக்காது, சேஸி எண் மட்டும்தான். உள்ளூர் கம்பெனி கணினியில் அந்த எண்ணைப் போட்டால் ஒன்றும் வராது. காப்பீட்டு அலுவலகத்திலும் அதே நிலை. டொயோட்டாவின் 1கேஇசட் டீசல் இஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறினால் சிலிண்டர் ஹெட்டில் விரிசல் விழும், 1கேடி இஞ்சினில் இஞ்செக்டரின் செப்பு வளையம் கசியும் என்பது இந்த வண்டிகளோடு பழகிய எந்த மெக்கானிக்குக்கும் தெரியும். விற்கிறவருக்குத் தெரியாதா? தெரிந்தும் "டொயோட்டா சார், சாகாது" என்கிறார்.

இவ்வளவுக்குப் பிறகு என் முடிவு இதுதான். உள்ளூரில் முதல் பதிவிலிருந்தே ஓடி, பராமரிப்புப் புத்தகம் கையில் இருக்கும் வண்டியை, உரிமையாளரிடமிருந்து நேரடியாக, லிஃப்டில் ஏற்றிப் பார்த்து வாங்குவேன். இறக்குமதி வண்டியைவிடச் சற்றே விலை கூடினாலும் பரவாயில்லை, தட்டிப் பார்த்த இரும்புக்குக் கொடுக்கும் காசு அது. இறக்குமதிதான் என்று நிற்கிறவர்கள் கத்தரிக்காத ஏல அறிக்கை, பதிவு நீக்கச் சான்றிதழ், அடிப்பகுதியின் படங்கள், வீட்டு வாசல் வரையிலான மொத்தச் செலவு, நான்கையும் எழுத்தில் வாங்காமல் முன்பணம் என்று ஒரு காசுகூடக் கொடுக்காதீர்கள். "இன்று கட்டாவிட்டால் வேறொருவர் எடுத்துவிடுவார்" என்று அவசரப்படுத்துவார்கள். எடுத்துக்கொள்ளட்டும்.