உந்த ரீஸ்டார்ட்டை விட்டுத் துலையுங்கோ!

"ஐயோ, சேர்வர் ஸ்ரக் ஆகீட்டுது!" இரண்டு இலட்சம் வரி ஸ்டொக் ஃபைல் ஒண்டை ஏத்தினால் யாழ்ப்பாணத்தில எந்தக் கந்தோரிலயும் இந்தச் சத்தம்தான். அடுத்த நிமிசம் ஒராள் ஓடிப்போய் ரீஸ்டார்ட் அடிச்சிடுவார். என்ன கோதாரிக்கு? உள்ளுக்க என்ன நடக்குதெண்டு ஒருக்கா எட்டிப் பாத்தால் குறைஞ்சோ போயிடுவியள்?

கனதரம் அது ஸ்ரக்கே இல்லை. முன்னால நிக்கிற வெப் சேர்வர் என்ஜின்எக்ஸ் (nginx), நீங்கள் மாத்தாமல் விட்டால், 60 செக்கன் பதில் வராட்டி 504 (நேரம் முடிஞ்சுது) எண்டு பிழை காட்டிப்போட்டுப் போயிடும். பின்னால இம்போர்ட், அதாவது ஃபைலை டேற்றாபேஸில ஏத்திற வேலை, தன்ர பாட்டில ஓடும். அதுக்குள்ள எங்கட ஆக்கள் திரும்பவும் அப்லோட் பட்டனை அமத்துவினம். இப்ப அதே வரியளுக்கு ரெண்டு இம்போர்ட் அடிபடுது. ரெண்டாவது, முதலாவது அந்த வரியளில போட்ட லொக் (பூட்டு) விடுபடுமட்டும் காத்து நிக்கும். டேற்றாபேஸ் மைஎஸ்கியூஎல் (MySQL) எண்டால், அதையும் மாத்தாமல் விட்டால், 50 செக்கனில பிழை காட்டி விழும். பழி சொஃப்ட்வெயருக்கு!

ரீஸ்டார்ட் அடிச்சால் இன்னும் மோசம். முழு ஃபைலும் ஒரே ட்ரான்ஸாக்ஷன் (ஏறினால் முழுக்க, இல்லாட்டி ஒண்டுமில்லை) எண்டால் ஏறின வரியெல்லாத்தையும் மைஎஸ்கியூஎல் திருப்பி எடுக்கவேணும், அதுதான் ரோல்பாக். ஏத்தின நேரத்தை விடவும் கூட இழுக்கலாம். நிப்பாட்டி எழுப்பினாலும் அந்த ரோல்பாக் விடாது, தொடரும். அதுக்கும் பொறுமையில்லாமல் இன்னொரு ரீஸ்டார்ட். விசரோ?

முதல் சேர்வரில டொப் (top) அடிச்சு, எது எவ்வளவு சிபியு எடுக்குதெண்டு பாருங்கோ. சிபியு சும்மா கிடந்தால் எதுக்கோ காத்து நிக்குது. மைஎஸ்கியூஎல்லில ஷோ ஃபுல் பிராசஸ்லிஸ்ட் (SHOW FULL PROCESSLIST) அடியுங்கோ, இப்ப ஓடுற வேலையள் தெரியும். டேற்றாபேஸ் போஸ்ட்கிரஸ் (Postgres) எண்டால் பிஜி_ஸ்டாட்_அக்டிவிட்டியில (pg_stat_activity) வெயிட் ஈவென்ட் டைப், அதாவது எதுக்குக் காத்து நிக்குதெண்டு பாருங்கோ. லொக் எண்டு கிடந்தால் ஆர் மறிக்கிறதெண்டு பிஜி_புளொக்கிங்_பிட்ஸ் (pg_blocking_pids) சொல்லும். சிபியு கொதிக்குது, புரோகிராம் ஜாவா எண்டால் ஜேஸ்டாட் (jstat -gcutil) போடுங்கோ: ஓல்ட் (கனநேரம் நிக்கிற ஒப்ஜெக்டுகளின்ர இடம்) 99 வீதத்தில நிண்டு ஃபுல் ஜிசி (முழு மெமரித் துப்பரவு) எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் ஹீப், அதாவது ஜாவாவின்ர மெமரி, நிரம்பீட்டுது. 10 செக்கன் விட்டு விட்டு 3 தரம் ஜேஸ்டாக் (jstack) எடுங்கோ, ஒவ்வொரு திரெட்டும் (உள்ளுக்க ஓடுற தனித்தனி வேலை) கோட்டில எங்க நிக்குதெண்டு காட்டும். மூண்டிலயும் இம்போர்ட் ஓடுற திரெட் ஒரே இடத்தில நிண்டால் பிழையை முதல் அங்க தேடுங்கோ.

கோட் எழுதுற தம்பிமாருக்கும் சொல்லவேணும். ஜாவாவில இருந்து டேற்றாபேஸுக்கு எழுதுற ஹைபர்னேட்டில (Hibernate) சேவ், சேவ் எண்டு போய்க்கொண்டிருந்தால் அவ்வளவு ஒப்ஜெக்டும் மெமரியிலதான் குவியும். 1000 வரிக்கு ஒருக்கா ஃபிளஷ் (டேற்றாபேஸுக்கு அனுப்பு), கிளியர் (மெமரியைக் காலியாக்கு), கொமிட் (நிரந்தரமாக்கு). வரியின்ர ஐடியை ஐடென்டிட்டி (ஏத்தேக்க டேற்றாபேஸே போடுற நம்பர்) எண்டு வைச்சிருந்தால் இன்சேர்ட் பட்ச்சிங், அதாவது பல வரியை ஒண்டாய் அனுப்பிறது, வேலையே செய்யாது; போஸ்ட்கிரஸ் எண்டால் சீக்குவென்ஸுக்கு (நம்பரை முன்கூட்டியே எடுக்கிற முறை) மாத்துங்கோ. பெரிய ஃபைலுக்கு போஸ்ட்கிரஸில கொப்பி (COPY), மைஎஸ்கியூஎல்லில லோட் டேட்டா (LOAD DATA) எண்டு டேற்றாபேஸிலயே வழி கிடக்கு, ஒருத்தரும் தொடமாட்டினம். கரண்ட் எப்ப போகுமெண்டு தெரியாத இடத்தில, எந்த வரிமட்டும் ஏறினதெண்டு குறிச்சு வைக்காத இம்போர்ட்டும் ஒரு இம்போர்ட்டோ? 4 ஜிபி ஹீப்பை 8 ஆக்கினால் ஸ்ரக் ஆகிறது கொஞ்சம் பிந்தும், அவ்வளவுதான்.

ஒருக்கா அமத்தின அப்லோட் பட்டனை டிசேபிள் பண்ண ஒரு வரி கோட் காணும். அதை எழுதாமல் புது சேர்வருக்குக் கொட்டேஷன் கேட்டுக்கொண்டிருக்கினம்!