நேரமில்லாதவர்களுக்கு முழு வேதாகமம்

ஓசூரில் வேதபாடம் நடத்துகிற எவரும் முதலில் கேட்கும் பதில் "நேரமில்லை ஐயா" என்பதுதான். அது பொய்யும் அல்ல. சிப்காட்டில் வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறுகிறவர், எலெக்ட்ரானிக் சிட்டி வேலைக்காக அத்திப்பள்ளி நெரிசலில் தினமும் நிற்கிறவர், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுக் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற பெண். இவர்களிடம் போய், அதிகாலையில் எழுந்து ஒரு மணி நேரம் தியானியுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. ஆனால் இந்த நேரமின்மைக்கு நம் சபைகள் கண்டுபிடித்திருக்கும் மருந்தோடுதான் எனக்குச் சண்டை. வாட்ஸ்அப்பில் பூப்படத்தின் மேல் தினம் ஒரு வசனம், வருடப் பிறப்புக்கு ஒரு வாக்குறுதி வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை. முடிந்தது வேதபாடம்.

எரேமியா 29:11-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை வீட்டுச் சுவரில் அது தொங்குகிறது! "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." வீட்டுக்கடன் கிடைக்கவும் பதவி உயர்வு வரவும் இதைச் சொல்லித்தான் ஜெபிக்கிறோம். ஒரே ஒரு வசனம் மேலே ஏறிப் பாருங்கள். பாபிலோனில் எழுபது வருஷம் முடிந்த பிறகுதான் என்கிறார் கர்த்தர். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூதருக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதிய கடிதம் இது. அந்தக் கடிதம் வாசிக்கப்பட்டபோது கேட்டுக்கொண்டிருந்த பெரியவர்களில் பலர் எருசலேமை மறுபடி பார்க்கப்போவதே இல்லை. இன்னும் மேலே போனால், சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா சொல்கிற புத்தி: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள், நீங்கள் இருக்கும் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள். பென்னாகரத்திலிருந்தும் அரூரிலிருந்தும் பிழைக்க வந்து, வருடக்கணக்காக வாடகை வீட்டில் இருந்துகொண்டு, "நமக்கு என்ன, இது நம்ம ஊரா?" என்று கேட்கிற கூட்டம் நாங்கள். நம்மை யாரும் சிறைபிடித்து வரவில்லை, சம்பளம்தான் இழுத்து வந்தது. ஆனாலும் பக்கத்து வீட்டுத் தெலுங்குக் குடும்பத்தின் பெயர் தெரியாது, தெருவில் சாக்கடை அடைத்துக்கொண்டால் அது வேறு யாருடைய வேலையோ. அந்த அதிகாரம் முழுவதும் நமக்காகவே எழுதினதுபோல் இருக்கிறது. நாமோ அட்டையில் அடங்குகிற அளவுக்கு மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டோம்.

வருடத்தில் முடிக்கும் வாசிப்பு அட்டவணையும் எனக்கு உவப்பில்லை. புராட்டஸ்டண்ட் வேதாகமத்தில் 66 புத்தகங்கள், 1,189 அதிகாரங்கள். நாளுக்கு மூன்று, ஞாயிறு ஐந்து என்று படித்தால் வருடம் முடிவதற்குள் முடிந்துவிடும். கணக்கு சரிதான். ஆனால் ஜனவரி முடிகிற நேரத்தில் லேவியராகமம் வந்து நிற்கும். இரவு ஷிப்ட் முடித்து வந்தவர் குஷ்டரோகச் சட்டத்தை எதற்குப் படிக்கிறோம் என்று தெரியாமலே நான்கு நாள் தள்ளுவார். அப்புறம் விட்டுப்போன அதிகாரங்கள் கடன்போல ஏறும். அடுத்த ஜனவரியில் மறுபடி ஆதியாகமம்.

நாங்கள் செய்வது எளிது. ஒரு வீட்டில் கூடி, ஒரு புத்தகத்தை உரக்க வாசிக்கிறோம். விளக்கம் பிறகு. ரூத் நான்கு அதிகாரம், ஏறத்தாழ இருபது நிமிடம். மாற்கு சுவிசேஷத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் போதும். வர முடியாதவர்கள் ஒலிப்பதிவைக் கம்பெனி பஸ்ஸில் கேட்டுக்கொள்கிறார்கள். இது புதுமை ஒன்றும் இல்லை. நெகேமியா 8-இல் வேதபாரகன் எஸ்றா எருசலேமின் தண்ணீர் வாசல் வீதியில் காலை தொடங்கி மத்தியானம் வரை வாசித்தார், லேவியர் அர்த்தம் சொன்னார்கள். அந்த ஜனங்கள் கையில் ஆளுக்கொரு புத்தகமா இருந்தது?

ரூத் வாசித்த இரவில் தேன்கனிக்கோட்டைப் பக்கத்து அக்கா ஒருவர் பேசினார். வேதபாடத்தில் வாயே திறக்காதவர். கேழ்வரகு அறுப்பில் கதிர் பொறுக்கப் போனால் காட்டுக்காரர் பார்க்கிற பார்வையைச் சொன்னார், ரூத் கதிர் பொறுக்கப் போன வயலின் சொந்தக்காரர் போவாஸ் தன் ஆட்களிடம் வேண்டுமென்றே கதிர்களைச் சிந்தவிடச் சொன்னது எவ்வளவு பெரிய காரியம் என்றார். வயல் ஓரத்தைத் தீர அறுக்காதே, சிந்தினதைப் பொறுக்காதே என்ற சட்டம் எங்கே இருக்கிறது என்று தேடினோம். லேவியராகமம் 19. எல்லோரும் தாண்டிப்போகிற அதே புத்தகம். அங்கேயே நான்கு வசனம் தள்ளி, கூலிக்காரனுடைய கூலி விடியும்வரை உன்னிடத்தில் இருக்கக் கூடாது என்று இருக்கிறது. ஒப்பந்தக்காரர் இரண்டு மாதச் சம்பளத்தை இழுத்தடித்துக்கொண்டிருந்த தம்பி ஒருவர் அதைத் திரும்ப வாசிக்கச் சொன்னார். ஆட்களை வைத்து வேலை வாங்குகிற இருவரும் அந்த அறையில்தான் இருந்தார்கள். ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார், மற்றவர் தண்ணீர் கேட்டார். முதலாளிகளும் உட்கார்ந்திருக்கும் சபையில் இந்த வசனம் ஏன் அட்டைக்கு வருவதில்லை என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தூங்குகிறவர்கள் உண்டு. தூங்கட்டும். அப்போஸ்தலன் பவுல் நடுராத்திரி வரை பிரசங்கித்தபோது ஐத்திகு என்ற வாலிபன் தூங்கி மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து விழுந்தான். அவனை எழுப்பிய பிறகும் பவுல் விடியும்வரை பேசிக்கொண்டுதான் இருந்தார். எங்கள் கூடுகை தரைத்தளத்தில், ஆகவே பயமில்லை.

தீராத சிக்கல் ஒன்று இருக்கிறது. அடுத்து வாசிக்க இருப்பது நியாயாதிபதிகள் புத்தகம். ஒரு பெண் பலாத்காரம் செய்யப்பட்டுச் சாகிற பத்தொன்பதாம் அதிகாரத்தைக் குழந்தைகள் இருக்கும் கூடத்தில் எப்படி வாசிப்பீர்கள் என்று ஒரு சகோதரி கேட்டார். விட்டுவிடலாம் என்கிறார்கள் சிலர். நான் சம்மதிக்கவில்லை. அன்று மட்டும் சிறுவர்களைப் பக்கத்து வீட்டில் தனியாக உட்கார வைத்துக் கிதியோன் கதை சொல்வது என்று இப்போதைக்கு முடிவாகியிருக்கிறது. அவர்களோடு உட்கார ஒரு ஆள் வேண்டும், ஞாயிறு இரவு ஷிப்ட் இல்லாதவராகப் பார்த்துச் சொல்லுங்கள்.