இளஞ்சிவப்பு உள்ளாடையும் ஒரு நீதிமன்ற உத்தரவும்

ஞாயிற்றுக்கிழமை விருந்தில் நடந்ததை மறுபடியும் விவரிக்கப் போவதில்லை. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், மாரிகோபா கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) ஷெரிஃபாக, அதாவது காவல்துறைத் தலைவராக, இருந்த ஜோ ஆர்பையோ தம் கைதிகளுக்கு இளஞ்சிவப்பு உள்ளாடை அணிவித்த படத்தைக் கைமாற்றிச் சிரித்தவர்களுக்கும், "நம் ஊருக்கும் இப்படி ஓர் ஆள் வேண்டும்" என்ற, நான் அண்ணன் என்று அழைக்கும் நண்பருக்கும், சாப்பாட்டுத் தட்டோடு நின்ற என்னால் அன்று சொல்ல முடியாமல் போனதையே இங்கே எழுதுகிறேன்.

ஆர்பையோ கண்டிப்பானவர் என்பதல்ல என் புகார். நீதிமன்றம் செய்யாதே என்றதைச் செய்தவர் என்பதுதான். 2011 டிசம்பரில், சட்டவிரோதமாகக் குடியேறியவராக இருக்கலாம் என்ற சந்தேகத்தை மட்டும் வைத்து எவரையும் பிடித்துவைக்கக் கூடாது என்று கூட்டாட்சி நீதிமன்றம் தடை விதித்த பிறகும், அவருடைய ஆட்கள் பிடித்துக்கொண்டேதான் இருந்தார்கள். லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரைத் தோற்றம் பார்த்துப் பாகுபாட்டோடு நடத்தினார்கள் என்று 2013இல் தீர்ப்பும் வந்தது. 2017 ஜூலையில் நீதிமன்ற அவமதிப்புக் குற்றவாளியானார். தண்டனை அறிவிக்கப்படுவதற்கு முன்பே, ஆகஸ்டில், அதிபர் டிரம்ப் மன்னிப்பு வழங்கிவிட்டார். இத்தாலியிலிருந்து குடியேறியவர்களின் பிள்ளை இவர் என்பதையும் போகிற போக்கில் சொல்லிவைக்கிறேன்.

"மக்கள் ஆறு முறை தேர்ந்தெடுத்தார்களே" என்பீர்கள். உண்மைதான். அங்கே ஷெரிஃப் என்பவர் நம் ஊர் எஸ்.பி.யைப் போல நியமிக்கப்படுபவர் அல்லர், நான்காண்டுக்கு ஒருமுறை வாக்குக் கேட்டு வருபவர். 1992இல் வென்றவரை 2016இல் அதே மக்கள்தான் வீட்டுக்கும் அனுப்பினார்கள். வாக்கு வாங்கியவர் நீதிமன்ற உத்தரவை மீறலாம் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது?

"குற்றவாளிக்கு ஏசி வேண்டுமா?" என்பது அடுத்த கேள்வி. அந்தக் கவுண்டியிலுள்ள ஃபீனிக்ஸ் நகரத்தின் வெயிலில் கைதிகளைக் கூடாரத்தில் போட்டவர், கொடுமையிலிருந்து மீட்கப்பட்ட நாய்களையும் பூனைகளையும் ஏசி போட்ட பழைய சிறைக்கட்டடத்தில் வைத்துப் பராமரித்தார். எனக்கு நாய்களின் மீது கோபமில்லை. ஆனால் கேமராக்களுக்காக இத்தனை செய்ய நேரம் கிடைத்த அந்த அலுவலகத்தில்தான், நானூறுக்கும் மேற்பட்ட பாலியல் குற்றப் புகார்கள் சரிவர விசாரிக்கப்படாமல் கிடந்தன. கண்டிப்பு என்று நீங்கள் கைதட்டுவது இதற்குத்தானா?

இனி என் கதை. வேறொரு மாநிலத்தில், நாங்கள் வந்த புதிதில், ஓர் இரவு எங்கள் காரை ஒரு காவலர் நிறுத்தினார். அவர் முதலில் கேட்டது ஓட்டுநர் உரிமத்தை அல்ல. எந்த நாட்டவர் என்பதை. என் கைகள் ஸ்டீயரிங்கின் மேல் இருந்தன. நண்பர் வீட்டில் கொடுத்தனுப்பிய சாம்பார்த் தூக்கை மனைவி மடியில் வைத்து இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். அதன் சூடு தொடையில் ஏறியதை வீட்டுக்கு வந்த பிறகுதான் சொன்னாள். நிறுத்தியதற்கான காரணத்தை அவர் கடைசிவரை சொல்லவில்லை.

"நாம் விசாவோடு வந்தவர்கள், நமக்கென்ன?" என்று யாராவது எழுதத்தான் போகிறீர்கள். விசா கார்க் கண்ணாடியில் ஒட்டியிருப்பதில்லை, ஐயா. இரவில் தெரிவது நிறம்தான். மாரிகோபாவில் நிறுத்தப்பட்டவர்களிலும் முறையான ஆவணம் வைத்திருந்தவர்கள் இருந்தார்கள். வழக்குத் தொடுத்தவர்களில் அமெரிக்கக் குடிமக்களே இருந்தார்கள்.

படத்தை நீக்கச் சொல்லி நான் யாரையும் கேட்கவில்லை. அந்தச் சாம்பாரைக் கொடுத்தனுப்பியது அண்ணன் வீட்டில்தான். நாங்கள் வீடு போய்ச் சேர்ந்தோம் என்று தெரியும்வரை அன்றிரவு தூங்காமல் இருந்தவரும் அவர்தான்.